தபால்காரரின் நாலு மகள்கள்

"அந்தத் தபால்காரத் தாத்தாவுக்குச் சொந்தப் பொண்ணைக்கூட அடையாளம் தெரியாதாம்மா?"

ஊசியக்காவின் மகள் ஆறு வயதில் இப்படிக் கேட்டாள். அரங்கத்தின் உடையறையில் வேலை பார்க்கும் அம்மாவோடு வந்து, திரைக்கு ஓரமாக முக்காலி போட்டு உட்கார்ந்து, அந்த இசை நாடகத்தை எத்தனையோ தடவை பார்த்தவள் அவள். போன வாரம் வரை மகள் வேஷத்தில் வந்தவர் நெட்டை. குரலும் கனத்த குரல். அன்றைக்கு வந்தவரோ உருண்டை முகமும் கீச்சுக் குரலுமாக இருந்தார். அப்படியும் மேடையில் நின்ற தகப்பன் ஒரு நொடிகூடத் தயங்காமல், "வந்துட்டியாம்மா!" என்று அவரைக் கட்டிக்கொண்டார். குழந்தைக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, அது வேற ஆளு!" என்று கத்தியே விட்டாள். நல்லவேளையாக அந்த நேரம் பார்த்து டிரம்ஸ் முழங்கியது.

நாடகம் முடிந்ததும், தபால்காரராக நடிப்பவர் அவளைத் தேடி வந்தார். அரங்கத்தில் எல்லாரும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். தபால் பையைத் தோளிலிருந்து கழற்றாமலே குழந்தைக்கு எதிரில் குந்தினார்.

"பாப்பா, கதவைத் தட்டினது என் பொண்ணுன்னா நான் திறக்கணும், அவ்வளவுதான். முகத்தைப் பார்த்துட்டுத் திறக்கறவன் அப்பன் இல்ல, வாட்ச்மேன்."

குழந்தைக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. பெரியவர்களுக்குத்தான் போதவில்லை. அவர்கள் அதற்குப் பிறகும் வருஷக்கணக்காக முகம் பார்த்துக்கொண்டும் குரல் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள்.

கதை இதுதான். ஊருக்கெல்லாம் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற தபால்காரருக்கு, கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகளிடமிருந்து மட்டும் ஒரு வரிகூட வருவதில்லை. கடைசிக் காட்சியில் அவளே திரும்பி வருகிறாள். எழுதியும் அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தைத் தன் சாம்பல் நிறக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துப் பாடுகிறாள். பாடுவதற்கு முன்னால் ஒரு மௌனம் உண்டு. கை பைக்குள் போனதிலிருந்து கடிதம் வெளியே வரும்வரை வாத்தியங்கள் அத்தனையும் வாயடைத்துக் காத்திருக்கும். எட்டு எண்ணுகிற நேரம். அந்த எட்டுக்காகவே ஜனங்கள் இரண்டு பஸ் மாறி வந்தார்கள்.

பதினாலு வருஷத்தில் நாலு பேர் அந்த மகளாக நடித்துவிட்டார்கள். ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்ற கணக்கில் அவர்களுக்கு மூத்தவர், இரண்டாமவர், மூன்றாமவர், நாலாமவள் என்றே பெயர் வந்துவிட்டது. யார் உசத்தி என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்கிறவர் டிக்கெட் கவுன்ட்டர்காரர். விற்பனையை முடித்துவிட்டுக் கடைசிக் காட்சிக்கு மட்டும் உள்ளே வந்து, கதவோரம் நின்று, விரல் விட்டு எண்ணுவார்.

"மூத்தவங்க எட்டு நிறுத்துவாங்க. எட்டும் எட்டுப் பவுன்" என்பார். "ரெண்டாமவங்க பதினொண்ணு வரைக்கும் இழுப்பாங்க. ஒன்பதுலயே பால்கனியில இருமல் ஆரம்பிச்சிடும். மூணாமவங்க அஞ்சுதான். ஆனா அந்த அஞ்சுல இடது கண்ணுல மட்டும் ஒரே ஒரு சொட்டு விழும் பாரு, சரியா மூடாத குழாய் மாதிரி, நேரம் தப்பாது."

"அப்போ நாலாமவ?"

"அவ கணக்குப் பரீட்சை எழுதறா. உதடு அசையறது மூணாவது வரிசை வரைக்கும் தெரியுது."

ஊசியக்காவும் நாலு பேரையும் ஒப்பிட்டுத்தான் வைத்திருந்தாள். ஆனால் அவள் பார்த்தது கோட்டுகளை. ஒவ்வொருவருக்கும் அவளே அளவெடுத்துத் தைத்தாள். ஆட்டம் முடிந்தபின் அவளே வாங்கி மாட்டினாள். இரண்டாமவரின் கோட்டு மாதத்துக்கு இருமுறை அக்குளில் விட்டுப்போகும். உச்ச சுரத்துக்குப் போகும்போதெல்லாம், மேலே இருக்கிற எதையோ எட்டிப் பறிப்பதுபோல அவர் கைகளைத் தூக்குவார். மூன்றாமவரின் வலது கைமுனை எப்போதும் ஈரமாக இருக்கும். மேடையில் ஒரு சொட்டு விட்டவர், உள்ளே வந்து மிச்சத்தை அதில்தான் துடைத்துக்கொள்வார். மூத்தவரின் கோட்டு இப்போது அரங்கத்தின் வாசல் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது. யார் நன்றாகச் செய்தார்கள் என்று யாராவது கேட்டால், "துணிக்கு வித்தியாசம் தெரியும், எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுவாள். கடவுள் ஒவ்வொரு தொண்டையையும் தனித்தனியாக உட்கார்ந்து செய்திருக்கிறார், அதைத் தராசில் வைக்க நாம் யார் என்பது அவள் எண்ணம்.

ஒரு புதன்கிழமை மதியம் நாலாமவளின் கோட்டை இஸ்திரி போட எடுத்தாள். வலது பையின் உள்துணியில் ஓட்டை விழுந்திருந்தது. உள்ளே கட்டைவிரல் படும் இடம். நகத்தால் வரிவரியாகக் கீறிக் கீறி நைந்துபோயிருந்தது.

"ஏம்மா, பைக்குள்ள எலி வளர்க்கறியா?" என்றாள் ஊசியக்கா.

கண்ணாடிக்கு முன்னால் தலை வாரிக்கொண்டிருந்த நாலாமவள் திரும்பினாள். எப்போதும் பாதிச் சிரிப்போடு பேசுகிறவள். பாடும்போதுகூட அந்தச் சிரிப்பு குரலில் ஓடும். அன்று அது இல்லை.

"எட்டு எண்ணறேன்க்கா. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கீறல். உதட்டால எண்ணினா தெரியுதுன்னு பேப்பர்ல போட்டுட்டாங்களே, அதான் விரலுக்கு மாறிட்டேன்."

"அதுக்காக உள்துணியைத் தின்னணுமா?"

"இன்னும் நாலு நாள்தான்க்கா. ஞாயித்துக்கிழமை ஆயிரமாவது ஆட்டம். அதோட கோட்டைக் கழட்டிக் குடுத்துடறேன். மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன். அஞ்சாமவளைத் தேடிக்கட்டும்."

ஊசியக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பாட்டு எனக்கு வருதுக்கா" என்றாள் நாலாமவள். "அதுவரைக்கும் சிரிக்கறாங்க, தாளம் போடறாங்க. அந்த இடம் வந்ததும் மொத்தக் கூட்டமும் எண்ண விரலை நீட்டிடுது. பைக்குள்ள கையை விட்டா கடிதம் உடனே தட்டுப்படுது. ஆனா எடுக்கக் கூடாது, எட்டு ஆகணும். கையிலயே இருக்கறதை நான் எங்கேன்னு தேடறது? மூத்தவங்க எதைத் தேடினாங்க? அது மட்டும் தெரிஞ்சா போதும், நான் பொழைச்சுக்குவேன்."

மூத்தவர் எதைத் தேடினார் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மூத்தவர். இன்னொருத்தி அந்த நேரம் பையின் உள்துணியைப் பிரித்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

புதுக் கோட்டு தைத்தால், பை வாய் பிளந்து தொங்கிவிடாமல் இருக்க அதை லேசான ஓட்டுத் தையல் போட்டு மூடி வைப்பார்கள். மேடைக்குப் போகுமுன் அந்த நூலை உருவிவிட வேண்டும். பதினாலு வருஷத்துக்கு முன், முதல் ஆட்டத்தன்று, ஊசியக்கா இடது பையின் நூலை உருவினாள். கடிதத்தை முன்கூட்டியே உள்ளே வைத்துத் தைத்திருந்த வலது பையை மறந்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. உடையறை மூலையில் துணி மூட்டையின்மேல் ஒரு வயதுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

கடைசிக் காட்சியில் மூத்தவரின் கை பைக்குப் போனது. பைக்கு வாய் இல்லை. கை மறுபடி தேடியது. இசை மாஸ்டர் தூக்கிய கோலை இறக்காமல் நின்றார். மூத்தவர் மெதுவாகச் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, நகத்தால் நூலை அறுத்து, கடிதத்தை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து பாடினார். அதற்குள் கூட்டத்தில் பாதி அழுதுகொண்டிருந்தது.

இயக்குநர் ஓடி வந்தார். ஷூ நாடா அவிழ்ந்ததற்காக அந்த வாரம்தான் ஓர் ஆளை வீட்டுக்கு அனுப்பியவர். "ஒத்திகையில இது இல்லையே, என்ன ஆச்சு?"

"அந்த இடத்துல நிறுத்தணும்னு தோணிச்சு. நிறுத்தினேன்" என்றார் மூத்தவர்.

பிறகு உடையறைக்கு வந்தார். வெளிறிப்போய் நின்ற ஊசியக்காவிடம் பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "குழந்தை தூங்கிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் பத்திரிகைகள் அந்த மௌனத்தைக் கொண்டாடின. ஒவ்வோர் ஆட்டத்திலும் அது வேண்டும் என்று இயக்குநர் உத்தரவு போட்டார். ஊசியக்காவின் வேலை நிலைத்தது. மகள் வளர்ந்தாள், படித்தாள். ஒரு வார்த்தையால் ஒரு வீட்டுக் கூரையைத் தாங்கிப் பிடிக்க முடியும் என்று ஊசியக்கா அன்று கண்டுகொண்டாள்.

இப்போது உண்மையைச் சொன்னால் இந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள். ஆனால் அது மூத்தவரின் புகழ். அவரைக் கேட்காமல் அதில் கை வைக்க முடியாது. வியாழக்கிழமை காலை ஊசியக்கா அவர் வீட்டுக்குப் போனாள்.

மூத்தவர் இரண்டாம் மாடியில் நடத்தும் பாட்டு வகுப்பை அப்போதுதான் முடித்திருந்தார். முழங்காலுக்குப் பட்டை கட்டியிருந்தார். இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் அக்கா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்; யார் வயதில் பெரியவர் என்று இன்னும் முடிவாகவில்லை.

"வாங்கக்கா, படியேறி வந்துட்டீங்களே! வயசானவங்க மூச்சு வாங்குவீங்க, உக்காருங்க" என்றார் மூத்தவர்.

"முட்டியில பட்டை கட்டினது யாருன்னு பார்க்க எனக்கும் கண்ணு தெரியுதுக்கா" என்று சொல்லிவிட்டு ஊசியக்கா உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

மூத்தவர் கீபோர்டின் ஒரு கட்டையை அழுத்தினார். அது ஒலிக்கவில்லை, மின்சாரத்தை முன்பே அணைத்துவிட்டிருந்தார்.

"சொல்லிட்டா, நான் இத்தனை வருஷம் வாங்கின கைதட்டலை எங்க கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கறது?"

"வேண்டாம்னா வேண்டாம்க்கா. நான் வந்த மாதிரியே போயிடறேன்."

"அட, இருங்க." மூத்தவர் கீபோர்டை உறை போட்டு மூடினார். "உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. ரெண்டாவது நாள்லேர்ந்து நானும் பொய்யாத்தான் தேடினேன். அஞ்சு வருஷம். முதல் நாள் மாதிரி ஒரு நாளும் வரல. என்னை நானே காப்பியடிச்சு, எனக்கு நானே ரெண்டாமவளா ஆயிட்டேன். அந்தப் பாவத்தை அந்தப் பொண்ணும் சுமக்கணுமா? சொல்லிடுங்க. பேப்பர்காரங்க காதுக்கு மட்டும் போக வேண்டாம்."

ஊசியக்கா எழுந்தாள். கதவு வரை வந்த மூத்தவர் ஏதோ சின்ன விஷயம்போல ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் நாலு பேரையும் மேடையில நிக்கச் சொல்லியிருக்காங்க. நான் அந்தப் பழைய கோட்டையே போட்டுக்கறேன்னு பேப்பர்ல சொல்லிட்டேன். 'இப்பவும் உடம்புக்குள்ள போகுமா?'ன்னு அந்த நிருபர் சிரிச்சான்க்கா. போகாம என்ன, நான் அப்படியேதானே இருக்கேன்னுட்டேன். அப்படியேதானே இருக்கேன்?"

தையற்காரியின் கண் அளவுநாடாவைவிடப் பொல்லாதது. நாலு விரற்கடை கூடியிருந்தது.

"கோட்டு தயாரா இருக்கும்க்கா" என்றாள் ஊசியக்கா.

வெள்ளிக்கிழமை, ஒத்திகைக்கு முன், உடையறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாலாமவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நாலாமவள் முதலில் விழித்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு நூலா? ஒரு நூலுக்கா நான் ராத்திரியெல்லாம் தூங்காம எண்ணினேன்? பதினாலு வருஷமா ஜனம் உங்க மறதிக்கா அழுதுச்சு?"

"மறதிக்கு யாராவது அழுவாங்களா? ஒரு பொண்ணு அப்பாகிட்டக் குடுக்க வேண்டியதைக் குடுக்க முடியாம தவிச்சா. தவிச்சது நெஜம், அதுக்கு அழுதாங்க. ரெண்டாமவங்களும் மூணாமவங்களும் அவங்கவங்க வீட்டுத் தவிப்பைக் கொண்டுவந்து அந்தப் பையில போட்டாங்க. உன்கிட்டத் தவிப்பு இல்ல. அது ஒண்ணும் குத்தம் இல்லம்மா."

நாலாமவள் சிரிப்பை நிறுத்தினாள். "என் பை திறந்திருக்கு. கடிதம் கையில இருக்கு."

"ஆமா."

"அப்போ நான் என்ன செய்யட்டும்?"

"அது உன் வேலை. பையை ஒட்டுப்போட்டுத் தர்றது என் வேலை. நகத்தை மட்டும் வெட்டிக்கோ."

"ஞாயித்துக்கிழமை முடியட்டும்க்கா, பார்க்கலாம்" என்று நாலாமவள் எழுந்தாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டத்துக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. பழைய கோட்டின் முன் நின்று படம் எடுக்க வாசல் கூடத்தில் வரிசை. அதனால் இடைவேளை முடிந்த பிறகுதான் மேனேஜர் கண்ணாடிப் பெட்டியின் சாவியைக் கொடுத்தார். நாலாமவளுக்குக் கடைசி ஆடை மாற்றத்தை முடித்து அனுப்பிவிட்டு, ஊசியக்கா கோட்டை மேஜைமேல் விரித்தாள். நாலு பேரும் மேடையேற முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது. உடையறையில் வேறு யாரும் இல்லை. ஆயிரமாவது ஆட்டத்தின் கடைசிக் காட்சியைப் பார்க்க ஒருவர் விடாமல் திரை ஓரத்துக்குப் போய்விட்டார்கள்.

உள்துணியின் அடி ஓரத்தைப் பிரித்தாள். பக்கத் தையல் இரண்டிலும், முன்னும் பின்னுமாக, விரற்கடைக்குக் குறையாத துணி உள்ளே மடிந்திருந்தது. இரண்டு தையல், நாலு மடிப்பு, நாலு விரற்கடை. அன்றைக்கு இவ்வளவு துணி விட்டு வைக்கிற புத்தியைக் கொடுத்தாயே என்று கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு பிரிக்கும் ஊசியை எடுத்தாள். மடிப்பு விரிந்ததும் வந்தது சிக்கல். வெளித் துணி வெளிச்சம் பட்டு வெளுத்திருந்தது; உள்ளே இருந்த துணி அன்று வாங்கிய சாம்பல் நிறத்திலேயே இருந்தது. பக்கத்துக்கு ஒரு கருங்கோடு. தையற்காரர்கள் கோடு போடும் சுண்ணக் கட்டியை நுணுக்கி, தூரிகையால் அந்தக் கோட்டின்மேல் தடவித் தடவி நிறத்தை இறக்கினாள். பழைய ஊசித் துளைகளை நீராவியில் காட்டி நகத்தால் தேய்த்து மூடினாள். மெஷினில் வலது பக்கம் ஓடி முடிந்தது. இடது பக்கம் ஓடி முடிந்தது. கைக்குழி வளைவு மட்டும் பாக்கி. அது மெஷினுக்கு அடங்காது. கையால்தான் போட வேண்டும். "ஆண்டவனே, கை நடுங்காம இருக்கட்டும்" என்று ஊசியில் நூலைக் கோத்தாள்.

சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் மேடை கேட்டுக்கொண்டிருந்தது. கதவு தட்டும் சத்தம். "வந்துட்டியாம்மா!" வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

ஊசியக்காவின் ஊசியும் நின்றது. ஒன்று.

இரண்டு வரவில்லை. காகிதம் சரசரத்தது. அதையடுத்து, நாடகத்தில் இல்லாத குரல் ஒன்று கேட்டது. அந்த இடத்தில் இத்தனை வருஷமாக வாய் திறந்திராத தபால்காரரின் குரல்.

"எனக்கா?"

மகள் கடிதத்தைப் படிக்கப் பிரிக்காமல் தகப்பன் கையிலேயே கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்தவருக்கு முதல் கடிதம். கூட்டம் சட்டென்று சிரித்தது. அதே மூச்சில் அடங்கியது. இசை மாஸ்டர் தடுமாறியிருக்க வேண்டும், ஒரு வயலின் மட்டும் தனியாக முந்திக்கொண்டது. நாலாமவள் காத்திருக்கவில்லை. கடிதத்தில் இருப்பதை மனப்பாடமாகப் பாடினாள், அந்தச் சிரிப்பு ஓடுகிற குரலிலேயே. மகிழ்ச்சியாகத் திரும்பி வந்த மகளை இந்த அரங்கம் இதற்குமுன் பார்த்ததில்லை.

பாட்டு முடிந்தபின் ஒரு மௌனம் வந்தது. பிறகு கைதட்டலில் ஒலிபெருக்கி கரகரத்தது. ஊசியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத் தையலைப் போட்டு, முடிச்சிட்டு, நூலைக் கடித்தாள்.

நடைவழியில் ஓடுகிற காலடிகள். "எத்தனைண்ணே எண்ணினீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"எண்ண மறந்துட்டேன்ப்பா!" என்றது டிக்கெட் கவுன்ட்டர்காரரின் குரல்.

நாலாமவள் மூச்சிரைக்க உள்ளே எட்டிப் பார்த்தாள். "அக்கா, இந்த ரெண்டாவது பொத்தான் ஆடுது. செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்குள்ள தச்சு வெச்சிடுங்க!" பதிலுக்குக்கூட நிற்காமல் மேடைக்கு ஓடினாள்.

அவள் போன வாசல் வழியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு மூத்தவர் வந்தார். அழுதிருந்தார். "என்னைவிட நல்லா செஞ்சிட்டா, பாவி" என்றார். "இல்ல, என்னை மாதிரியே இல்ல. அதான் நல்லாருக்கு."

"கையை நீட்டுங்கக்கா, எல்லாரும் காத்திருக்காங்க."

மூத்தவர் கண்ணாடி முன் நின்று, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, கழுத்திலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டார். கடைசிப் பொத்தானும் விழுந்தது. பயந்து பயந்து மூச்சை விட்டார். கோட்டு அசையவில்லை. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். இன்னொரு பக்கமும் பார்த்தார். முகம் முதல் ஆட்டத்தன்று இருந்ததுபோல் ஆகிவிட்டது.

"பார்த்தீங்களா? நான்தான் சொன்னேனே! அந்த நிருபர் எங்க உக்காந்திருக்கான்?"

"முன் வரிசையிலதான் இருப்பான். போங்கக்கா."

மூத்தவர் முழங்கால் வலியை மறந்து நடந்து போனார். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. ஊசியக்கா இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தாள். மேஜையில் சிந்தியிருந்த சுண்ணப்பொடியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, குழாயைத் திறந்து விரல்களைக் கழுவிக்கொண்டாள்.